வளையத்தைப் பிடிக்க ஓர் ஆள்

மாலை ஆறரை மணி. செப்டம்பர் மாதத்தின் கடைசி நாள். இன்று நாம் வந்தோமே, அதே பாதை... பாதை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். புல்லுக்கு நடுவில் இரண்டு டயர் தடம். முன்னால் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை. கடைசியாக ஒரு வீட்டின் புகையைப் பார்த்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

இருங்கள். எல்லாரும் அடுப்புக்குக் கிட்டே வாருங்கள். மிஷிக், டென்ட் வாசலை நன்றாக இழுத்துக் கட்டு. உனக்கென்ன, உடம்பெல்லாம் கொழுப்பு, குளிர் தெரியாது. இந்தப் பிள்ளைகளைப் பார். இரண்டு வறட்டி போடு... பெரியதாக எடுத்துப் போடு.

மாரல், நீ ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டே வருகிறாய். "ஏன் ஹோர்லோக்கா, நாங்க நாலு பேரும் பின்னாடி ஆட்டுக்குட்டிங்க மாதிரி நெருக்கிட்டு வர்றோம். முன் சீட்டு சும்மாதானே கெடக்கு?" நானும் ஏதேதோ சொல்லி மழுப்பினேன். ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் நின்று வேலை செய்கிற நர்சுகளுக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிது என்றேன். காலையில் நான் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பழகுவதையும் நீ பார்த்துவிட்டாய். வலது தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாய். நன்றாக இருப்பாய். இரண்டுக்கும் சேர்த்து இன்றைக்குப் பதில் சொல்கிறேன். இன்று சொல்லாவிட்டால் பிறகு நேரம் இருக்காது.

இது எனக்கு நடந்ததில்லை. யாஞ்சிமா என்று எனக்கு ஒரு சிநேகிதி. வெளிநாட்டுக்காரர்கள் இப்படி டென்ட் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வந்தால், வீடு வீடாக டீ குடித்துக்கொண்டு போனால், கூடவே மொழிபெயர்க்கப் போவாள். அவளுடைய அத்தை கணவர் நம்ஸ்ராய். அவர்தான் வண்டி ஓட்டுவார். அந்த வண்டிதான் வெளியே நிற்கிறது. இதே சாம்பல் நிற ரஷ்ய வேன். இரண்டு தடவை அறைந்து மூட வேண்டிய அதே கதவு. முன் சீட்டுப் பக்கத்து ஜன்னலுக்குக் கைப்பிடி அவர் காலத்திலேயே உடைந்துவிட்டது. குறடு போட்டுத் திருகினால்தான் கண்ணாடி ஏறும். அந்தக் குறடு அவர் வைத்த இடத்திலேயே, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், இன்னும் இருக்கிறது.

ஆள் மலை மாதிரி. மல்யுத்தக்காரன் உடம்பு, மல்யுத்தம் மட்டும் தெரியாது. அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அவர் பக்கமாக அமுங்கிவிடும். "மாமா, வண்டிகூட ஒங்களுக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது" என்று யாஞ்சிமா கேலி செய்வாள். அவர் சிரிப்பார். நல்ல மனிதர். யாரிடமும் இல்லை, முடியாது என்று சொல்ல வராது. கேட்டவர்களுக்கெல்லாம் சரி, சரி. அந்தச் சரிக்கெல்லாம் காத்துக் கிடந்தது அவருடைய அம்மா ஒருத்திதான்.

அம்மா பெயர் தெஜீத். அறுபது வயது இருக்கும். புருஷன் போய், மகனும் வண்டி ஓட்டப் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். கோடையிலும் அதற்கு அடுத்த இரண்டு மாதமும் இந்தப் பள்ளத்தாக்கில். குளிர்காலத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம், காற்று மறைவில், கல் தொழுவம் கட்டிய இடத்தில். பன்னிரண்டு கிலோமீட்டர். செப்டம்பர் கடைசியில் கம்பளி போர்த்திய கூடார வீட்டைப் பிரித்து, கட்டி, ஏற்றி, அங்கே கொண்டுபோய் மறுபடி நிறுத்த வேண்டும்.

நீங்கள் அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைகள். வீடு பிரிக்கிறதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கூரையின் உச்சியில் மர வளையம். அதைச் சுற்றி அறுபது கம்பு. நடுவில் இரண்டு தூண். கம்பளியைச் சுருட்டி எடுத்த பிறகு கம்புகளை ஒவ்வொன்றாக வளையத்திலிருந்து உருவ வேண்டும். உருவ உருவ வளையம் ஆடும். அதனால் ஒருவர் நடுவில் நின்று கையைத் தூக்கி அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிக் கம்பு வருகிறவரை விடக்கூடாது. மற்ற எந்த வேலையையும் தெஜீத் தனி ஆளாகச் செய்துவிடுவாள். இது மட்டும் முடியாது. இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அவள் வீட்டில் வளையம் பிடிப்பது நம்ஸ்ராய். அப்பா செத்த வருஷத்திலிருந்து அவர்தான். அப்போது அவருக்குப் பதினான்கு வயது, கை எட்டாமல் பெட்டி மேல் ஏறி நின்று பிடித்தாராம். பக்கத்துக் குடும்பத்துக்காரர்கள் உதவிக்கு வந்தால் கம்பளி சுருட்டலாம், கயிறு கட்டலாம். வளையத்தில் கை வைக்க மட்டும் விடமாட்டாள். "எம்புள்ள இருக்கான்" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்த வருஷம் அவள் போன் பேசுவதற்காகக் குன்று மேல் ஏறினாள். அதோ, வரும்போது காட்டினேனே, கல் குவித்த குன்று... அங்கேதான் சிக்னல் வரும். நம்ஸ்ராய் தெற்கே, மணல்மேட்டுப் பக்கம், ஐந்தாறு வெளிநாட்டுக்காரர்களோடு இருந்தார்.

"காத்து வேற மாதிரி வீசுதுடா. எப்ப வர்ற?"

"முப்பதாம் தேதி காலைல அங்க இருப்பேம்மா. நான் வந்து பிடிக்கிறேன். வேற யாரையும் விட்றாத."

அவள் வேறு யாரையும் விடவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி பக்கத்துக் குடும்பம் கிளம்பியது. தெஜீத்தின் ஆடுகளையும் தங்கள் ஆடுகளோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவள் சேர்த்து வைத்திருந்த வறட்டி மூட்டைகளையும் அவர்கள் லாரியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டாள். நாளைக்கு மறுநாள் அங்கே அடுப்புப் பற்றவைக்க வேண்டுமே. "ஒங்க வீட்டையும் பிரிச்சு ஏத்திடறோம்க்கா, அரை நாள் வேலைதானே" என்றார்கள். "எம்புள்ள நாளைக்கு வரான். நீங்க நடங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு மூட்டை வறட்டி, ஒரு டீச்சட்டி, படுக்கை. அவ்வளவுதான் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு நாளுக்கு அது போதும்.

முப்பதாம் தேதி விடியுமுன்னே எழுந்து வெளிக்கயிறுகளைத் தளர்த்தி வைத்தாள். மகன் வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடலாம் அல்லவா.

அங்கே மணல்மேட்டில் வந்தவர்கள் இன்னும் இரண்டு நாள் இருக்க ஆசைப்பட்டார்கள். நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறதாம். ஒட்டகத்தின் மேல் இன்னொரு தடவை ஏற வேண்டுமாம். நம்ஸ்ராய்க்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. அம்மாவுக்குப் போன் அடித்துப் பார்த்தார். அவள் குன்றின் மேல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போகவில்லை. சரி, இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டார்.

அன்று ராத்திரியே பனி இறங்கியது. பனி மட்டுமில்லை, காற்று... ஐந்து நாள் நிற்கவில்லை.

ஆறாம் நாள், மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீடு நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கத்துக் கம்பளி மட்டும் பறந்துபோயிருந்தது. அடுப்பில் சாம்பல். டீச்சட்டியில் உறைந்த பனிக்கட்டி. தெஜீத் நடுவில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வளையத்திலிருந்து ஒரு கயிறு தொங்குமே, காற்றடித்தால் வீடு எழும்பிவிடாமல் இழுத்துப் பிடிக்க... அதை வலது மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தாள். அவிழ்க்க வரவில்லை. கடைசியில் அறுத்தார்கள்.

பக்கத்துக் குடும்பம் வந்து வீட்டைப் பிரித்தது. நம்ஸ்ராய் நடுவில் போய் நின்றார். கை எழும்பவில்லை. அவ்வளவு பெரிய ஆள், இரண்டு கையும் தோளுக்கு மேல் போகவில்லை. வேறு ஒருவர் வந்துதான் வளையத்தைப் பிடித்தார். இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் அவர் வரவே இல்லை. அறுபது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு கணவாய் வழியாகப் போவார். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏழாம் வருஷம். யாஞ்சிமாவும் இருந்தாள். வண்டியில் வெளிநாட்டுக் கணவன் மனைவி, ரிட்டயர் ஆன வாத்தியார்கள், எழுபது வயதுக்காரர்கள். சீக்கிரமே பனி விழுந்து கணவாய் மூடிவிட்டது. வேறு வழி இல்லை. நம்ஸ்ராய் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு இந்தப் பக்கம் திருப்பினார்.

அதுதான் நான் சொன்ன ஆறரை மணி.

ஆற்றை இருட்டில் கடக்க முடியாது. இங்கேதான் தங்க வேண்டும். தெஜீத்தின் வீடு இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. வருஷக்கணக்கில் வீடு நின்ற மண், அங்கே முளைக்கிற புல்லே வேறு. நம்ஸ்ராய் வண்டியை அதற்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். டென்டுகளை நூறு அடி தள்ளிப் போட்டார். சாப்பிடவில்லை. வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலை ஐந்து மணி இருக்கும். விடியவில்லை. யாஞ்சிமாவுக்கு முழிப்புத் தட்டியது. வெளியே நம்ஸ்ராயின் குரல். மெதுவாக... தயங்கித் தயங்கி...

"நாயப் பிடிங்க... நாயப் பிடிங்க..."

ஒரு வீட்டுக்குப் போகிறவன் வாசலுக்கு முன்னால் நின்று போடுகிற சத்தம் அது. நாம் எல்லாரும் போடுவதுதான். ஆனால் அங்கே வீடு எங்கே இருக்கிறது? நாய்தான் எங்கே இருக்கிறது?

அப்புறம் வாசனை வந்தது. வறட்டிப் புகை. உப்புப் போட்ட டீ, கொஞ்சம் அடிப்பிடித்த மாதிரி. பழைய கம்பளியின் வாடை. யாஞ்சிமா தன் டென்டின் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறந்து பார்த்தாள்.

நம்ஸ்ராய் அந்த வட்டத்துக்கு நடுவில் நின்றார். இரண்டு கையும் தலைக்கு மேல். முழுக்க நீட்டி, உள்ளங்கை விரித்து. எழும்பாத கை எழும்பியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. மேலே வானம்தான் இருந்தது. ஆனால் அவர் தோள் நடுங்கியது... கனத்தில் நடுங்குகிற நடுக்கம்.

பிறகு அந்தச் சத்தம்.

ட்டொக்.

மரத்துளையிலிருந்து மரம் கழன்று வருகிற சத்தம். அதற்குப் பின்னால் தரையில் கம்பு விழுகிற சத்தம். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி... ட்டொக். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கை கொஞ்சம் ஆடியது, பிறகு நிலைத்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. முகம் பூராவும் நனைந்திருந்தது. துடைக்கக் கை ஏது.

யாஞ்சிமா வெளியே வந்து நின்றாள். பக்கத்தில் அந்த வாத்தியார் அம்மாள் ஏற்கெனவே போர்வையோடு நின்றிருந்தாள். அந்த அம்மாளுக்கு நம் ஊரும் தெரியாது, நம் வழக்கமும் தெரியாது, தெஜீத் யாரென்றும் தெரியாது. காதோடு காதாகக் கேட்டாள்: "அவர் எதத் தாங்கிட்டு நிக்கிறாரு? ரொம்பக் கனமா இருக்கே."

யாஞ்சிமா அந்த அம்மாளின் போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

அறுபதாவது சத்தம் வந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. நம்ஸ்ராய் மெல்லக் கையை இறக்கினார். குனிந்து, முழங்காலை மடக்கி, எதையோ அலுங்காமல் புல்மேல் வைத்தார். நேராக வண்டிக்கு வந்து பின்கதவு இரண்டையும் திறந்தார்.

வண்டி அமுங்க ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்பிரிங் முனகியது. ஏதோ ஏற ஏற ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை... ஒரு வீட்டின் கனம் பூராவும் ஏறி, டயருக்கும் உடம்புக்கும் நடுவே கை நுழையாத அளவுக்கு இறங்கிவிட்டது. அவர் கதவை இரண்டு தடவை அறைந்து மூடினார். அவர் வலது மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு இறுக்கிய மாதிரி நாலு சிவப்புக் கோடு.

யாஞ்சிமாவிடம் வந்து சொன்னார்: "முன் சீட்டுல யாரும் உக்கார வேணாம். அம்மா வர்றாங்க."

மூன்று பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம், காலை நீட்ட இடமில்லை. மூட்டை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் கதவு வரைக்கும் வந்தது. அப்புறம் ஏற்றம். முதல் கியரிலேயே போனார்கள். இஞ்சின் அழுதது. நம்ஸ்ராய் பாதி வழியில், பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஜன்னல மூடவாம்மா? குளிருதா?"

பதில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து குறடை எடுத்து, எட்டித் திருகிக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டார்.

கல் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். வண்டி எழும்பியது... இறங்கின மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக. மறுபடி நடுவில் போய் நின்று கையைத் தூக்கினார். இப்போது கம்பு உள்ளே போகிற சத்தம். அறுபதும் போயிற்று. சூரியன் நன்றாக வந்துவிட்டது, வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒன்றும் இல்லை. புல்லின் மேல் உறைபனி இருந்தது, ஒரு வட்டத்துக்குள் மட்டும் அது இல்லை. நம்ஸ்ராய் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை வாங்குகிற மாதிரி வாங்கினார். குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

அப்புறம் எழுந்து, "போயிட்டு வரேம்மா" என்றார்.

வண்டி நகர்ந்து இருபது அடி போயிருக்கும். பின்கண்ணாடியில் ஏதோ தெறித்தது. பட்... பட் பட்... மழை இல்லை, மேகமும் இல்லை. யாஞ்சிமா திரும்பிப் பார்த்தாள். வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பால். ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைக்குப் பின்னால் அம்மாக்கள் கரண்டியில் எடுத்துத் தெளிக்கிற பால். என் அம்மாவும் தெளிப்பாள். மாரல், உன் அம்மாவும் இந்தத் தடவை மாடியிலிருந்து தெளித்து, கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்ததாகச் சொன்னாயே.

மிஷிக், நீ முந்தாநாள் பின்கண்ணாடியை அந்தத் தேய் தேய்த்தாய். வெள்ளைப் புள்ளி போகவே இல்லை, பெயின்ட் போல என்று என்னைத் திட்டினாய். பெயின்ட் இல்லை அது.

ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்றுதான் நம்ஸ்ராய் நினைத்தார். அடுத்த வருஷம் செப்டம்பர் வந்ததும் தோள் இரண்டும் வலிக்க ஆரம்பித்தது. தனியாக வந்தார். அவள் இங்கேதான் இருந்தாள். மறுபடியும் காத்துக்கொண்டு. அதற்கு அடுத்த வருஷமும். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டவள் கோடைக்கு எப்படித் திரும்பி வருகிறாள், யார் அப்போது வளையம் பிடிக்கிறார்கள்... எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம், ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. முப்பதாம் தேதி ராத்திரி வந்து படுத்துவிடுவார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். யாஞ்சிமாவுக்கு வண்டி ஓட்ட வராது. என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு பெரிய உடம்பு பாதியாகியிருந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"வண்டிய நீ எடுத்துக்க, ஹோர்லோ. ஒண்ணே ஒண்ணு. முப்பதாம் தேதி அங்க போயிடு. பின்கதவத் திறந்து வை. விடியறப்ப வட்டத்துக்குள்ள போய் நின்னு கையத் தூக்கு. பயப்படாத. அவங்க ஒண்ணும் பண்ணமாட்டாங்க. எங்கம்மா அவங்க."

நான் ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள். அன்றைக்குச் சட்டென்று சரி என்றுவிட்டேன். ஏன் என்று சொல்லட்டுமா? என் அம்மா போனபோது நான் ஏரிப் பக்கம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது என்று சொன்னேன். முடிந்திருக்கும். இப்போது நினைத்தால் முடிந்திருக்கும் என்று தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரலில் நம்ஸ்ராய் செத்துப்போனார்.

இன்றைக்குத் தேதி என்ன என்று யாராவது பார்த்தீர்களா? மாரல், முழிக்காதே. உங்களை ஏமாற்றித்தான் இந்தப் பக்கம் கூட்டி வந்தேன். கணவாய் ஒன்றும் மூடவில்லை. தனியாக வரத்தான் நினைத்தேன். ஆனால் இந்தத் தோளை நம்ப முடியவில்லை. முப்பது கம்பு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. நடுவில் என் கை இறங்கிவிட்டால் அவள் மறுபடி அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். அது மட்டும் நடக்கக்கூடாது. அதனால்தான் உயரமான பிள்ளையாகப் பார்த்து உன்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டேன். விடியும்போது என் முழங்கைக்கு அடியில் வந்து நின்றுகொள். கேள்வி எதுவும் கேட்காதே, போதும்.

இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஐந்து நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் இன்று சாயங்காலம் ஒன்று நடந்தது.

நீங்கள் டென்ட், அடுப்பு, பை, படுக்கை எல்லாவற்றையும் இறக்கினீர்கள். நான் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனேன். திரும்பி வந்ததும் மிஷிக் சொன்னான்: "அக்கா, டிரைவர் பக்கம் டயர்ல காத்து எறங்கிடுச்சு போலிருக்கு. வண்டி அந்தப் பக்கமா அமுங்கி நிக்குது பாருங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். நாலு டயரையும் உதைத்துப் பார்த்தேன். காற்று சரியாக இருக்கிறது. தரையும் சமம். வண்டியில் ஒரு சாமான் கிடையாது. சாவி என் பைக்குள்தான் இருக்கிறது... இதோ. ஆனால் வண்டி அமுங்கித்தான் நிற்கிறது. நான் ஏறி உட்கார்ந்தால் அது அசையக்கூட அசையாது, அது உங்களுக்கே தெரியும்.

அதனால் நாளைக்கு நாம் கையைத் தூக்க வேண்டியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, மாரல். ஒருவேளை தேவையிருக்காது.

இன்னொன்றும் பார்த்தேன். தைல வாடை போகட்டும் என்று முன் சீட்டுப் பக்கத்து ஜன்னலை மத்தியானமே இறக்கி வைத்திருந்தேன். அது முழுக்க ஏறி, இறுக்கமாக மூடியிருந்தது. குறடு ஓட்டுநர் சீட்டின் மேல் கிடந்தது.

அம்மாவுக்குக் குளிரும் இல்லையா.